மழைக் கணக்கு போட்ட துணைவேந்தர்

(போடி வட்டார மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அதிகாலையில் ஜீப் ஏறி முந்தல் வழியாக மலைக்குப் போகிற அக்காக்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கீங்க. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையை நிறுத்திவிட்டு வந்தவர்களும் இருக்கீங்க. அந்தக் கூலிக்கு ஈடாக உருப்படியான ஒரு விஷயத்தையாவது நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்று நாங்கள் கூடிப் பேசித்தான் இன்றைய தலைப்பை எடுத்தோம்.

இன்று ஒரு பொறியாளரைப் பற்றிப் பேசப் போகிறோம். பெயர் வா.செ. குழந்தைசாமி. மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தராக இருந்தவர். "துணைவேந்தர் கதை நமக்கு எதுக்கு?" என்று சிலர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது இங்கே வரை கேட்கிறது. கொஞ்சம் பொறுங்க. அவர் போட்ட கணக்கும் நீங்கள் மாதா மாதம் குழுவில் போடுகிற கணக்கும் ஒரே கணக்குதான்.

ஊரும் படிப்பும்

குழந்தைசாமி 1929-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி பிறந்தார். ஊர் இன்றைய கரூர் மாவட்டத்தில் இருக்கிற வாங்கலாம்பாளையம். பொறியியல் படித்தார். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மேல்படிப்பு முடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார்.

பொறியாளர் என்றதும் மெஷின், மோட்டார், கரண்ட் என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் எடுத்துக்கொண்டது தண்ணீர். நீரியல் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். மலையில் மழை பெய்கிறது, கீழே ஆற்றில் தண்ணீர் வருகிறது. பெய்த மழையில் எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து, என்ன வேகத்தில் ஆற்றுக்கு வந்து சேரும் என்பதுதான் அவருடைய கேள்வி.

இது நம்ம ஊர்க் கேள்வி இல்லையா? குரங்கணி மேலே மழை கொட்டித் தீர்த்தாலும் போடியில் கொட்டகுடி ஆறு அந்த நிமிஷமே உயர்வதில்லை. கொஞ்ச நேரம் ஆகிறது. உயர்ந்த தண்ணி மழை விட்டதும் உடனே வடிந்துவிடுவதும் இல்லை. மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஓடையில் கசிவு இருக்கிறது. பெய்த தண்ணி நடுவில் எங்கே இருந்தது?

வரவு, செலவு, இருப்பு

இதற்கு நம்ம குழுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழுவில் 20 பேர், மாதம் 100 ரூபாய் சேமிப்பு. 2,000 ரூபாய் வருகிறது. பழைய கடன் திரும்பியது 3,000. மொத்த வரவு 5,000. அன்றைக்கே 4,000 ரூபாய் உள்கடன் கொடுக்கிறோம். இருப்பில் 1,000 கூடுகிறது. வரவில் செலவு போக மிச்சம் இருப்பில் ஏறும். இதை எட்டாவது படித்த நம்ம ஊக்குநர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

மலைக்கும் இதே கணக்குதான். மழை வரவு. ஆற்றில் ஓடுகிற தண்ணி செலவு. நடுவில் சருகிலும் மண்ணிலும் பள்ளத்திலும் ஓடையிலும் தங்கி நிற்கிற தண்ணி இருப்பு. 1 ஏக்கர் ஏலத்தோட்டத்தில் 50 மில்லி மீட்டர் மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணி. 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி என்றால் 17 லாரி வரும். மரமும் நிழலும் சருகும் இருக்கிற சரிவில் அதில் பெரும்பங்கு தங்கி, மெல்ல இறங்கும். மொட்டையாகக் கிடக்கிற சரிவில் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே ஓட்டமாக இறங்கிவிடும். போடிமெட்டு ரோட்டில் மழைக்காலத்தில் மண் சரிந்து ஜீப் நிற்பதை அனுபவித்தவர்கள்தானே நாம்.

1932-ல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு ஒரு சுலபமான வழி சொல்லியிருந்தார். மழை இரட்டித்தால் வெள்ளமும் இரட்டிக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிற வழி அது. பல இடங்களில் அது உதவியது. ஆனால் உண்மையான ஆறு எல்லா நேரமும் அப்படி நடந்துகொள்வதில்லை. ஏற்கெனவே நனைந்து ஊறிப்போன மண்ணில் பெய்கிற மழை வேறு மாதிரி ஓடும், காய்ந்த மண்ணில் பெய்கிற மழை வேறு மாதிரி ஓடும்.

குழந்தைசாமி இந்த இருப்பைத்தான் பிடித்துக்கொண்டார். நடுவில் தங்குகிற தண்ணி எவ்வளவு என்பது வரவையும் செலவையும் மட்டும் பொறுத்ததில்லை, அந்த வரவும் செலவும் எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன என்பதையும் பொறுத்தது என்று சொல்லி, அதை ஒரு சமன்பாடாக எழுதினார். 1971-ல் தம்முடைய பேராசிரியர் வென் தே சௌ என்பவரோடு சேர்ந்து இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நீரியல் படிக்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லி அந்த முறையைப் படிக்கிறார்கள். பாலம் எவ்வளவு உயரம் கட்டணும், அணையில் எத்தனை மதகு வைக்கணும் என்று முடிவு செய்ய இந்த மாதிரிக் கணக்குகள்தான் அடிப்படை.

ஆராய்ச்சியிலிருந்து நிர்வாகத்துக்கு

ஊர் திரும்பிய பிறகு சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அந்தக் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அப்புறம் தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்குநர் ஆனார்.

1978-79-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். நம்ம போடி சி.பி.ஏ. கல்லூரிப் பிள்ளைகள் பட்டம் வாங்குகிற பல்கலைக்கழகம் அதுதான். அங்கே 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியிருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே பாடப் புத்தகத்தைத் தபாலில் வாங்கிப் படிக்கிற முறை.

1981-லிருந்து 1990 வரை, தொடர்ந்து மூன்று முறை, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தப் பல்கலைக்கழகம் 1978-ல்தான் உருவாகியிருந்தது. கிண்டி கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டிடக்கலைப் பள்ளி என்று நான்கையும் ஒன்றாகச் சேர்த்தது அரசு. நான்கு குழுக்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பாக நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம், ஒரு பெருமை. முதல் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் பெரும்பகுதி அவர் பொறுப்பில் இருந்தது.

அன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகம் என்றால் சென்னைதான். 2001-க்குப் பிறகுதான் மற்ற ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் அதனுடைய இணைப்புக்குள் வந்தன. 2012-ல் நம்ம போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. மலையடிவாரத்துப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற தூரத்தில் பொறியியல் படிப்பு இருக்கிறது. இதை நாம் எத்தனை பேர் யோசித்துப் பார்த்திருக்கோம்?

வர முடியாதவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம்

இனிமேல் சொல்லப் போவதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. இவ்வளவு பெரிய பொறியியல் பல்கலைக்கழகத்தை நடத்திய மனிதர் 1990-ல் டெல்லிக்குப் போய் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். இக்னோ என்று சொல்வாங்க. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985-ல் உருவானது. 1994 வரை அவர் அதை நடத்தினார்.

கிண்டிக்குள் நுழைய நல்ல மார்க் வேண்டும், வயது வேண்டும், சென்னையில் தங்க வசதி வேண்டும். இக்னோவின் வாசலோ கல்லூரிக்கு வர முடியாதவர்களுக்காகவே வைத்த வாசல். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம் ஆனவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பாதியில் நிறுத்தியவர்கள் வரலாம். நல்ல மார்க் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிற இடத்திலிருந்து, விட்டுப்போனவர்களைத் தேடிப் போகிற இடத்துக்கு வந்தார். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கும் நிறுவனத் தலைவராக இருந்தார். உலகத்தில் எங்கே இருந்தாலும் தமிழ் படிக்கலாம் என்ற ஏற்பாடு அது. இன்றைக்கு அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

எழுத்து விஷயத்திலும் அவருக்கு இதே கவலை இருந்தது. கு, சு, டு, மு என்று எழுதிப் பாருங்க. ஒவ்வொன்றுக்கும் சுழி வேறு வேறு. படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இது சுமை, இதற்கு ஒரே மாதிரிக் குறி வைக்கலாம் என்று அவர் தொடர்ந்து எழுதி வந்தார். பலர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. சரியா தப்பா என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் முதியோர் கல்வியில் 'கூ' எழுதக் கை வராமல் சிலேட்டைத் தள்ளி வைத்த அம்மாக்கள் நம்ம குழுக்களில் இருக்காங்க. அவர்கள் பக்கம் நின்று யோசித்த துணைவேந்தர் என்பதை மட்டும் மனதில் வையுங்க.

அவர் குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதினார். 'வாழும் வள்ளுவம்' என்ற நூலுக்காக 1988-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1992-ல் பத்மஸ்ரீ, 2002-ல் பத்மபூஷண். 2016 டிசம்பர் 10-ஆம் தேதி காலமானார்.

நின்றுபோனவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இப்போது நம்ம பஞ்சாயத்துக்கு வருவோம். ஒன்றாம் வகுப்பில் சேர்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எட்டாவதில் எத்தனை பேர், பத்தாவதில், பன்னிரண்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்க. வரவு தெரிகிறது. பட்டம் வாங்கி வெளியே போகிறவர்களும் தெரிகிறார்கள். நடுவில் நின்றுபோனவர்கள் எங்கே? "அவ படிப்பு அவ்வளவுதான்" என்று சொல்லிக் கணக்கை மூடிவிடுகிறோம்.

மலையில் ஊறிய மழையை யாரும் வீண் என்று சொல்வதில்லை. அது கீழே இருப்பாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் ஊற்றாக வருவதும் அந்தத் தண்ணிதான். எட்டாவதோடு நிறுத்தியவர், பத்தாவதில் ஒரு பாடம் போய் மலைக்குக் காய் எடுக்கப் போனவர், பன்னிரண்டு முடித்த கையோடு கல்யாணம் ஆனவர், எல்லோரும் நம்ம ஊரின் இருப்பு. வெளியே வர ஒரு வாய்க்கால் வெட்டணும், அவ்வளவுதான். இது குழந்தைசாமி சொன்ன வார்த்தை இல்லை, அவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு நாங்கள் சொல்வது.

ஒரு உறுப்பினரைப் பற்றிச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். மூன்று குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறார். வங்கியிலிருந்து வரும் அதிகாரிகளே அவருடைய பேரேட்டைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். கூட்டமைப்பில் கணக்காளர் வேலை காலியானபோது எல்லோரும் அவரைத்தான் நினைத்தோம். விண்ணப்பத்தில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டிருந்தது. அவர் படித்தது ஒன்பது. வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக் கொடுத்ததும் நம்ம அக்காதான். இன்றைக்கும் அவர் கைக்கு மாதம் வருவது சில நூறு ரூபாய் ஊக்கத்தொகை மட்டும். திறமை இருந்தது, சான்றிதழ் என்ற வாய்க்கால்தான் இல்லை.

மனதில் வைக்க வேண்டியவை

முதலாவது, வரிசை தப்பக் கூடாது. திறந்தநிலை என்றதும் நேராகப் பட்டத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று யாராவது வந்து சொன்னால் ஏமாறாதீங்க. தமிழ்நாடு அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் முடித்திருக்க வேண்டும். எட்டாவதையும் பத்தாவதையும் பன்னிரண்டையும் தனித்தேர்வராக எழுத அரசுத் தேர்வுகள் துறை வாய்ப்பு வைத்திருக்கிறது. அதை முடித்துவிட்டு இக்னோவிலோ, 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பட்டத்தில் சேரலாம். சேருவதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டணும்.

இரண்டாவது, எல்லாப் படிப்பும் தபாலில் வராது. பொறியியலுக்கு ஆய்வகம் வேண்டும், பட்டறை வேண்டும். மகள் பொறியியல் படிக்க ஆசைப்பட்டால் கல்லூரிக்குத்தான் அனுப்பணும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. இந்த வருஷத்து விதி என்ன, என்ன காகிதம் வேண்டும் என்று பிள்ளையின் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் தேர்வு முடிவு வரும்போது கையில் இருக்கணும். ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் கலந்தாய்வுத் தேதி நமக்காகக் காத்திருக்காது.

மூன்றாவது, "பொறியியல் ஆம்பளப் பிள்ளைக்குத்தான்" என்ற பேச்சு. கிண்டி கல்லூரியிலேயே 1940-களில் லலிதா என்ற பெண் மின்பொறியியல் படித்தார். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கையில் நாலு மாதப் பெண் குழந்தையோடு விதவை. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். அவர் துணை நின்றார். லலிதா படித்து முடித்து, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையில் பங்கு எடுத்தார். அவருக்கு அறிவு இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அப்பாவும் இருந்தார். நம்ம பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது யார்? குழு நிற்கலாம் இல்லையா?

தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியது

பேச்சு பேச்சாகப் போகக் கூடாது. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் மூன்று வேலை செய்யணும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, நின்றுபோனவர்கள் கணக்கு. உறுப்பினர்களும் அவர்கள் மகள், மருமகள்களும் எந்த வகுப்பில் நின்றார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்க. சேமிப்புப் பேரேட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளும் இருக்கட்டும்.

இரண்டு, அதில் இரண்டு பேரையாவது இந்த வருஷமே தனித்தேர்வுக்குப் பணம் கட்ட வையுங்க. தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் உள்கடனில் முதல் இடம் கொடுங்க. காதுகுத்துக்கும் சீருக்கும் கடன் கொடுக்கிறோம், அதைக் குறை சொல்லவில்லை. படிப்புக் கடனும் அந்த வரிசையில் பின்னால் போகாமல் இருக்கட்டும்.

மூன்று, தேர்வு நாளில் மலைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று குழுவாக முடிவு செய்து தோட்டத்துக் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லுங்க. ஒருத்தி தனியாகக் கேட்டால் "நாளைக்கு வராதே" என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் அப்படிச் சொல்ல யோசிப்பார்கள். நாங்களும் கூட வருகிறோம்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கியபோது, கூலிப் பெண்கள் கணக்கு எழுதுவாங்களா, வங்கிக்குப் போவாங்களா என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பணத்துக்கு வரவு, செலவு, இருப்பு எழுதப் பழகிய கைகள் படிப்புக்கும் ஒரு பேரேடு எழுதட்டும். மூன்று மாதம் கழித்து வரும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்போம். சிற்றறிக்கையிலும் குழுவின் பெயர் போட்டு வெளியிடுவோம்.